ஊஃபர், ட்வீட்டர் வாங்கும் முன்: வீட்டில் ஸ்பீக்கர் கட்டுபவருக்கு டிரைவர் தேர்வு

சொந்தமாக ஸ்பீக்கர் கட்டக் கிளம்பியவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். கடைக்காரரும் ஒரு பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு, டிரைவரைக் கவிழ்த்துக் காந்தத்தைக் காட்டுவார். இரண்டுமே உங்களுக்கு உதவாது. வாட்ஸ் என்பது கோனை அசைக்கும் கம்பிச் சுருளான காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதை மட்டும் சொல்கிறது. அதுவும் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. காந்தத்தின் பருமனைப் பார்த்தும் ஏமாறலாம். சின்னக் காந்தத்தின் மேல் பெரிய மூடி ஒட்டி விற்பது பழைய வித்தை.

ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கு), மிட் (நடு ஒலிக்கு), ட்வீட்டர் (உச்ச ஒலிக்கு) என்று பெட்டியின் முகப்பில் திருகி மாட்டும் உறுப்புகள் எல்லாமே டிரைவர்கள்தாம். மரவேலை கோணினால் வேறு பலகை அறுக்கலாம். ஒலியைப் பிரித்து ஒவ்வொரு டிரைவருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் சரியில்லை என்றால் ஒரு கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கலாம். டிரைவர் மட்டும் தவறாக அமைந்துவிட்டால் மற்ற எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது. நம்பகமான டிரைவர் என்று இங்கே சொல்வது இதைத்தான்: தயாரிப்பாளர் அளவீட்டுத்தாள் வெளியிட்டிருக்க வேண்டும், கையில் வந்த டிரைவர் அந்தத் தாளோடு ஒத்துப்போக வேண்டும், ஜோடியில் இரண்டாவதும் முதலாவதைப் போலவே இருக்க வேண்டும். விலையும் பெயரும் இதற்குப் பிறகுதான். தாளே இல்லாத டிரைவர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், முதல் முறை கட்டுபவர் அதைத் தொட வேண்டாம்.

தாளில் முதலில் பார்க்க வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரித்தெழுதினார். ஒரு ஊஃபர் எந்தப் பெட்டியில் எப்படிப் பாடும் என்பதைச் சில எண்களை வைத்து முன்கூட்டியே கணக்கிடலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. இன்றும் எல்லா நல்ல தயாரிப்பாளர்களும் அந்த எண்களைத்தான் தாளில் தருகிறார்கள்.

எண்களைத் தனியாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. அதனால் ஆறரை இன்ச் ஊஃபர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தாளில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: எஃப்.எஸ். 38 ஹெர்ட்ஸ், கியூ.எம்.எஸ். 4, கியூ.இ.எஸ். 0.42, கியூ.டி.எஸ். 0.38, வி.ஏ.எஸ். 32 லிட்டர், எஸ்.டி. 136 சதுர செ.மீ., எக்ஸ்மேக்ஸ் 5 மி.மீ., ஆர்.இ. 5.8 ஓம். வீட்டு உபயோகத்துக்கான நடுத்தர ஊஃபர்களின் தாள்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

எஃப்.எஸ். என்பது பெட்டியில்லாமல் வெறுமனே தொங்கும்போது கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண். கியூ.டி.எஸ். அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் காந்தத்தின் பிடி இறுக்கம், பெரிதானால் தளர்வு. கியூ.எம்.எஸ். அதில் கோனைத் தாங்கும் உறுப்புகளின் பங்கையும், கியூ.இ.எஸ். காந்தமும் காயிலும் சேர்ந்து அடக்கும் பங்கையும் காட்டும். எஸ்.டி. கோனின் பரப்பு, ஆர்.இ. காயிலின் நேர்மின்னோட்டத் தடை. வி.ஏ.எஸ். என்பது கோனைத் தாங்கும் விளிம்பும் ஸ்பைடரும் (காயிலை மையத்தில் பிடித்திருக்கும் நெளிவுத் துணி) சேர்ந்து காட்டும் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு. இது பெட்டியின் கொள்ளளவு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 32 லிட்டர் என்று தாளில் இருந்தால் 32 லிட்டர் பெட்டி கட்ட வேண்டும் என்று பொருளில்லை.

மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது. வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கியூ.டி.எஸ்.ஸால் பெருக்குங்கள். விடை 0.7 பக்கத்தில் வந்தால் பேஸ் தட்டையாக இறங்கும். 1-ஐத் தாண்டினால் ஒரு மேடு எழும்பி 'தம் தம்' என்று ஒரே சுருதியில் ஒலிக்கத் தொடங்கும். நம் ஊஃபரை 13 லிட்டர் பெட்டியில் வைத்தால் விடை 0.707. அப்போது பேஸ் 71 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கியிருக்கும். அதே ஊஃபரை சுமார் 22 லிட்டர் பெட்டியில், 38 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த போர்ட்டுடன் (பெட்டியில் விடும் காற்றுக்குழாய்) வைத்தால் 40 ஹெர்ட்ஸ் பக்கம் வரை பேஸ் கிடைக்கும். விரிவாகக் கணக்கிட வின்ஐஎஸ்டி, விட்டுயிக்ஸ்கேட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஆனால் முதலில் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். எந்த எண்ணைத் தொட்டால் எது நகர்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

போர்ட் பெட்டியா, மூடிய பெட்டியா என்று சட்டென்று முடிவெடுக்க ஒரு குறுக்குவழி உண்டு. எஃப்.எஸ்.ஸைக் கியூ.இ.எஸ்.ஸால் வகுங்கள். 50-க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100-க்கு மேலே வந்தால் போர்ட் பெட்டி, நடுவில் வந்தால் இரண்டுமே சரிவரும். நம்முடையது 90, போர்ட் பக்கம் சாய்கிறது. இது தோராயம்தான், சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காருக்கு விற்கும் ஸ்பீக்கர்களை வீட்டுப் பெட்டியில் மாட்டிவிட்டுப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கதவுக்குள் கிட்டத்தட்டத் திறந்தவெளியாக இயங்குவதற்கென்றே செய்தவை அவை. பலவற்றில் கியூ.டி.எஸ். 0.6, 0.8 என்று இருக்கும். மேலே சொன்ன கணக்கின்படி மூடிய பெட்டியில் விடை கியூ.டி.எஸ்.ஸை விடக் கூடவே தவிர ஒருபோதும் குறையாது. 0.8 உள்ள டிரைவரைச் சின்னப் பெட்டியில் அடைத்தால் 1.2, 1.5 என்று எகிறிவிடும். மண்டபத்துக்கும் மேடைக்கும் விற்கும் பன்னிரண்டு, பதினைந்து இன்ச் பி.ஏ. ஊஃபர்களின் கதை வேறு. ஒரு வாட்டுக்கே 95 டெசிபலுக்கு மேல் கத்தும், நாள் முழுக்க ஓட்டினாலும் தாங்கும். ஆனால் அடிமட்ட பேஸை விட்டுக்கொடுத்துத்தான் அந்தச் சத்தம் கிடைக்கிறது. ஹாலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க அவை பொருந்தாது.

தாள் பொய் சொல்கிறதா என்று பார்க்க

தாளில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். ஆனால் இந்த எண்கள் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றைக் கூட்டிச் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் சோதனை: கியூ.எம்.எஸ்.ஸையும் கியூ.இ.எஸ்.ஸையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கியூ.டி.எஸ். வர வேண்டும். 4-ஐ 0.42-ஆல் பெருக்கி 4.42-ஆல் வகுத்தால் 0.38. சரியாக இருக்கிறது. இதுவே ஒத்துவரவில்லை என்றால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாம்.

இரண்டாவது சோதனை சென்சிடிவிட்டிக்கு. அதிகம் ஊதிக் காட்டப்படும் எண் அதுதான். எஃப்.எஸ்.ஸின் கனத்தை (38 × 38 × 38) லிட்டரில் உள்ள வி.ஏ.எஸ்.ஸால் பெருக்கி, கியூ.இ.எஸ்.ஸால் வகுங்கள். 54,872-ஐ 32-ஆல் பெருக்கி 0.42-ஆல் வகுத்தால் சுமார் 41.8 லட்சம். இதை 964-ஆல் பெருக்கி, ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் 0.00403. கைப்பேசிக் கால்குலேட்டரில் இதன் பத்தடி மடக்கையை எடுத்துப் பத்தால் பெருக்கினால் கழித்தல் 23.95. அதோடு 112.2 கூட்டினால் 88.2. ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் இந்த ஊஃபர் தரக்கூடிய டெசிபல் இவ்வளவுதான். தாளில் 88 அல்லது 89 இருந்தால் நம்பலாம். 93 என்று போட்டிருந்தால், ஒன்று அந்த எண் பொய், இல்லையென்றால் மற்ற மூன்றில் ஏதோ ஒன்று பொய்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிலர் ஒரு வாட்டுக்குச் சொல்வார்கள், சிலர் 2.83 வோல்ட்டுக்குச் சொல்வார்கள். எட்டு ஓமில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட், நான்கு ஓமில் அதே வோல்ட் இரண்டு வாட். அதனால் நான்கு ஓம் டிரைவர் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். அது திறமையால் வந்ததில்லை, ஆம்பிலிருந்து கூடுதலாகக் கரண்ட் இழுத்ததால் வந்தது. இரண்டு டிரைவர்களை ஒப்பிடும்போது எந்த அளவுகோலில் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எக்ஸ்மேக்ஸ்: பேஸின் உண்மையான எல்லை

காயில் காந்த இடைவெளியை விட்டு வெளியேறாமல் ஒரு பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே எக்ஸ்மேக்ஸ். காயிலின் உயரத்திலிருந்து இடைவெளியின் உயரத்தைக் கழித்து இரண்டால் வகுப்பது நேர்மையான முறை. காயில் 16 மி.மீ., இடைவெளி 6 மி.மீ. என்றால் எக்ஸ்மேக்ஸ் 5 மி.மீ. இந்த இரண்டு உயரங்களையும் தாளில் வெளிப்படையாகக் கொடுப்பவர்களை நம்பலாம். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கூட்டி 10 மி.மீ. என்று போடுபவர்களும் உண்டு.

அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு நகர வேண்டும். ஊஃபருக்கு வாட்ஸைவிட எக்ஸ்மேக்ஸ் முக்கியமாவது இதனால்தான். நம் ஊஃபரின் 136 சதுர செ.மீ. பரப்பை 5 மி.மீ.யால் பெருக்கினால் 68 கன செ.மீ. காற்று. மூடிய பெட்டியில், 40 ஹெர்ட்ஸில், அந்தக் காற்றைக்கொண்டு ஒரு மீட்டரில் 89 டெசிபல் அளவுக்குத்தான் சத்தம் எழுப்ப முடியும். 80 ஹெர்ட்ஸில் 101 டெசிபல் வரை போகும். ஆம்ப் நூறு வாட்ஸ் கொடுத்தாலும் 40 ஹெர்ட்ஸில் அந்த 89-ஐத் தாண்டினால் ஒலி உருக்குலையும், கடைசியில் காயில் பின்தட்டில் இடிக்கும். ஆறரை இன்ச்சில் வீடே அதிர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும். அவர்களுக்குத் தேவை எட்டு அல்லது பத்து இன்ச், அல்லது தனியாக ஒரு சப்ஊஃபர்.

வாட்ஸ் பக்கமும் ஒரு உண்மை இருக்கிறது. செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். காயில் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை 39 சதவீதம் கூடி, சத்தம் சுமார் 3 டெசிபல் குறைந்துவிடும். 25 மி.மீ. காயிலைவிட 35 மி.மீ. காயில் மெதுவாகச் சூடாகும். ஸ்பைடருக்கு அடியில் காற்றுப் போக இடம் விட்ட வார்ப்புச் சட்டமும், காந்தத்தின் நடுவில் துளையும் உள்ள டிரைவர் அதைவிடவும் நன்று. எரியாமல் தாங்குவது ஒன்று, சத்தம் மங்காமல் தாங்குவது வேறொன்று.

வளைவுப் படத்தைப் படிப்பது

எண்கள் பேஸுக்கு மட்டும்தான் பேசும். நடுச்சுருதியில் டிரைவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வளைவுப் படத்தில்தான் பார்க்க முடியும். முதலில் இடது ஓரத்தின் அளவுகோலைப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு 10 டெசிபல் வைத்து வரைந்தால் எந்த மேடுபள்ளமும் சமவெளியாகத் தெரியும். நேர் முன்னால் வைத்து அளந்த வளைவோடு 30, 60 டிகிரி பக்கவாட்டு வளைவுகளையும் தருபவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

நம் ஊஃபரின் கோன் விட்டம் சுமார் 13 செ.மீ. ஒலியின் அலைநீளம் அந்த அளவுக்கு வருவது 2,600 ஹெர்ட்ஸில். அதற்கு மேலே ஒலி விரியாமல் டார்ச் வெளிச்சம்போல் நேராகப் பாயும். சோபாவின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒரு மாதிரியும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு வேறு மாதிரியும் கேட்கும். ஆகவே ஆறரை இன்ச் ஊஃபரை 2,000 முதல் 2,500 ஹெர்ட்ஸுக்குள் ட்வீட்டரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

அந்த எல்லையைத் தாண்டியும் ஓர் ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பாகும்) வரை ஊஃபர் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம், மெக்னீசியம் போன்ற உலோகக் கோன்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எங்காவது ஊசிமுனைபோல் 10 டெசிபல் எழும்பும். கிராஸ்ஓவர்தான் கீழேயே வெட்டிவிடுமே என்று விட்டுவிட முடியாது. 6,000 ஹெர்ட்ஸில் ஊசி இருந்தால், 2,000 ஹெர்ட்ஸில் காயில் உண்டாக்கும் மூன்றாம் மடங்குச் சிதைவை அந்த ஊசி பெருக்கிக் காட்டும். காகிதக் கோனும் பாலிபுரொப்பிலீன் கோனும் இந்த விஷயத்தில் சாதுவானவை. முதல் முறை கட்டுபவர் காகிதத்தோடு தொடங்குவது நல்லது. காகிதம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், விலையுயர்ந்த ஊஃபர்கள் பலவற்றில் இன்றும் காகிதக் கோன்தான்.

இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணோடு மாறும் மின்தடை) வளைவில் சின்னச் சுருக்கம் ஏதாவது தெரிந்தால் அதே அதிர்வெண்ணில் கோனிலோ விளிம்பிலோ ஒரு கோளாறான அதிர்வு இருக்கும். வெளியீட்டு வளைவை மென்மையாக்கி அழகுபடுத்திவிட்டு இந்த வளைவை மறைக்க மறந்துவிடும் தயாரிப்பாளர்களும் உண்டு.

ட்வீட்டர்

ஊஃபரை முடிவு செய்த பிறகு ட்வீட்டருக்கு வாருங்கள். மாறி நடந்தால், அழகான ட்வீட்டருக்கு ஏற்ற ஊஃபரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

25 மி.மீ. துணிக் குவிமாட ட்வீட்டரே தொடங்குபவருக்குப் போதும். பார்க்க வேண்டியது எஃப்.எஸ். கிராஸ்ஓவர் அதிர்வெண் அதன் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 2,200 ஹெர்ட்ஸில் வெட்டப் போகிறீர்கள் என்றால் எஃப்.எஸ். 1,100-க்குக் கீழே இருக்கட்டும், 700, 800 என்றால் இன்னும் நிம்மதி. 1,500 ஹெர்ட்ஸ் எஃப்.எஸ். உள்ள ட்வீட்டரை ஆறரை இன்ச் ஊஃபரோடு சேர்த்தால் நடுவில் பள்ளம் விழும், அல்லது ட்வீட்டர் கரகரக்கும். ஒரே ஒரு கெப்பாசிட்டரை மட்டும் போட்டு ட்வீட்டரை ஓட்டுவது இந்தத் தவறின் இன்னொரு முகம். அது ஆக்டேவுக்கு 6 டெசிபல்தான் வெட்டும், தாழ்ந்த ஒலிகள் உள்ளே புகுந்து குவிமாடத்தை உதைத்துக்கொண்டே இருக்கும்.

சென்சிடிவிட்டியில் ட்வீட்டர் ஊஃபரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ரெசிஸ்டர் போட்டு ட்வீட்டரைத் தணிக்கலாம், உயர்த்த வழியில்லை. 22 செ.மீ. அகல முகப்பில் சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊஃபரின் ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் பரவிவிடும். அதைச் சமன் செய்ய 3 முதல் 6 டெசிபல் இழக்க வேண்டியிருக்கும். ஆகவே தாளில் 89 உள்ள ஊஃபர் நடைமுறையில் 84, 85-க்கு வந்துவிடும். ட்வீட்டர் 89, 90 இருந்தால் தாராளம். 95 என்று தேடிப் போய்ப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கிராஸ்ஓவரே வேண்டாம் என்பவர்களுக்கு எல்லாச் சுருதியையும் தானே பாடும் மூன்று, நான்கு இன்ச் ஃபுல்ரேஞ்ச் டிரைவர் நல்ல பள்ளி. பேஸும் சத்தமும் குறைவு, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரே டிரைவர், ஒரு பெட்டி, வேலை முடிந்தது.

நம் தட்பவெப்பத்தில் எது நிலைக்கும்

கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா, ஃபோமா, துணியா என்று கேட்டு வாங்குங்கள். பாலியூரித்தேன் ஃபோம் ஈரப்பதத்தில் வேதியியல் ரீதியாகவே சிதையும். பத்து, பதினைந்து ஆண்டுகளில் விரல் பட்டாலே மாவாக உதிரும், சென்னை, கொழும்பு போன்ற கடலோரப் புழுக்கத்தில் அதற்கு முன்பே போய்விடலாம். பியூட்டைல் ரப்பர், அல்லது பி.ஏ. ஊஃபர்களில் வரும் பூச்சிட்ட துணி விளிம்பு, நீண்ட நாள் நிற்கும். பழைய டிரைவர் வாங்கும்போது ஃபோம் விளிம்பு என்றால் அதை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். கோன், காயில் மாற்றித் தரும் கடைகள் பல ஊர்களில் உண்டு. ஆனால் வேறு கோனும் வேறு காயிலும் ஏறிவிட்டால் பழைய தாளின் எண்கள் எதுவும் செல்லாது. அதை அளந்து பார்க்காமல் பெட்டி கட்டக் கூடாது.

உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் காந்த இடைவெளியின் இரும்பில் துரு படிந்து காயிலை உரசுவதும் நடக்கும். மேல்தட்டும் பின்தட்டும் நன்றாகப் பூச்சிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை

ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டு வயர். சென்னை ரிச்சி தெருவில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம்.

மீட்டரை ஓமில் வைத்து முனைகளில் தொடுங்கள். எட்டு ஓம் டிரைவர் 5.5 முதல் 7 வரை காட்டும், நான்கு ஓம் டிரைவர் 3 முதல் 3.8 வரை. எட்டு என்று எழுதியிருப்பது சரியாக எட்டு காட்டவில்லையே என்று பதற வேண்டாம், மீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத் தடையை. ஜோடிக்குள் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று 5.8, மற்றது 6.6 என்றால் இரண்டும் ஒரே தொகுப்பில் வந்தவை இல்லை.

அடுத்து, இரண்டு கைவிரல்களையும் கோனின் எதிரெதிர் ஓரங்களில் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். காதை அருகில் வையுங்கள். பேப்பர் உரசுவதுபோல் சன்னமாகச் 'சர்' என்று கேட்டால் காயில் மையத்தில் இல்லை. ஒரு பக்கம் மட்டும் அழுத்திவிட்டு உரசுகிறது என்று சொல்லக் கூடாது, நல்ல டிரைவரும் அப்படி அழுத்தினால் உரசும். ட்வீட்டர் குவிமாடத்தை மட்டும் விரலால் தொடவே கூடாது.

பேட்டரியின் கூட்டல் முனையை டிரைவரின் கூட்டல் முனையில் ஒரு கணம் தொட்டெடுங்கள். கோன் முன்னால் வர வேண்டும். ஜோடியில் ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் போனால் முனைக் குறி மாறியிருக்கிறது. அப்படியே மாட்டினால் பேஸ் காணாமல் போய், எங்கே தவறு என்று தெரியாமல் நாள் கணக்கில் தேடுவீர்கள். ஊஃபருக்கு மட்டும் இந்தச் சோதனை. ட்வீட்டருக்கு வேண்டாம், 9 வோல்ட் பேட்டரி எதற்குமே வேண்டாம்.

கடையில் ஆம்ப் இருந்தால் கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டு 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள், சத்தத்தைக் குறைவாக வைத்து. எங்காவது 'கிர்' என்று கேட்டால் டஸ்ட்கேப் (கோனின் நடு மூடி) பசை விட்டிருக்கலாம், காயிலிலிருந்து வரும் பின்னல் வயர் கோனில் தட்டலாம், ஸ்பைடர் ஒட்டு பிரிந்திருக்கலாம். பாட்டுப் போட்டுப் பார்த்தால் இவை மறைந்துவிடும். கடைக்காரர் பாட்டுப் போட்டுக் காட்டத்தான் விரும்புவார்.

வீட்டுக்கு வந்தபின்

உண்மையான சோதனை இம்பீடன்ஸ் அளவீடு. ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள், ஸ்டீரியோ உள்ளீடு உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு, ஒரு சதவீதத் துல்லியமுள்ள 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இவ்வளவு போதும். ஹெட்ஃபோன் வெளியீட்டை ரெசிஸ்டர் வழியாக டிரைவருக்குக் கொடுத்து, ரெசிஸ்டருக்கு முன்னால் ஒரு சேனலும் பின்னால் மற்றொரு சேனலும் எடுத்தால், மென்பொருளே எஃப்.எஸ்., கியூ.எம்.எஸ்., கியூ.இ.எஸ். எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தரும். டேட்டன் ஆடியோவின் டேட்ஸ் கருவி வாங்கினால் இந்த வயரிங் வேலை மிச்சம். அளக்கும்போது டிரைவர் செங்குத்தாக, அசையாமல், காந்தத்தின் துளை அடைபடாமல் நிற்க வேண்டும். மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து அளந்தால் எண்கள் தவறும்.

வி.ஏ.எஸ். வேண்டுமானால் கோனில் எடை சேர்த்து இன்னொரு முறை அளக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை 10 கிராம் நிறுத்து, டஸ்ட்கேப்பைச் சுற்றிச் சமமாக ஒட்டுங்கள். சில்லறைக் காசு வேண்டாம், நம் எஃகுக் காசுகளைக் காந்தம் இழுக்கும், கணக்குக் கெடும். நம் ஊஃபரில் 38 ஹெர்ட்ஸ் 29-க்கு இறங்கினால் கோனின் நகரும் எடை சுமார் 14 கிராம் என்று பொருள். 38-ஐ 29-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்து 1 கழித்து, அதைக்கொண்டு 10 கிராமை வகுத்தால் கிடைப்பது அதுதான்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் எஃப்.எஸ். தாளில் உள்ளதைவிட 10 சதவீதம் வரை கூடுதலாக இருப்பது இயல்பு. ஸ்பைடர் இன்னும் விறைப்பாக இருக்கும். 25 ஹெர்ட்ஸ் டோனை, கோன் இரண்டு மூன்று மி.மீ. ஆடுமளவு கொடுத்துச் சில மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள்.

அப்போதும் எண் ஒத்துவரவில்லை என்றால் உடனே திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். எஃப்.எஸ்.ஸைக் கியூ.டி.எஸ்.ஸால் வகுத்துப் பாருங்கள். தாளில் 38-ஐ 0.38-ஆல் வகுத்தால் 100. கையில் உள்ளது 42 ஹெர்ட்ஸ், 0.42 என்று வந்தாலும் விகிதம் அதே 100. அப்படியானால் மாறியிருப்பது ஸ்பைடரின் விறைப்பு மட்டுமே. எஃப்.எஸ். ஏறிய விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வி.ஏ.எஸ். இறங்கியிருக்கும், பெட்டிக்குள் வைத்தபின் ஏறக்குறைய அதே பேஸ்தான் வரும். விகிதமே மாறியிருந்தால், உதாரணமாக 38 ஹெர்ட்ஸ், 0.52 என்று வந்தால், காந்தம் வலுக்குறைந்தது அல்லது காயில் வேறு. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

கிராஸ்ஓவரில் ஊஃபருக்குத் தொடராக வரும் தனிக் காயிலின் (இண்டக்டர்) தடையும் கியூ.டி.எஸ்.ஸை உயர்த்தும். 0.5 ஓம் காயில் போட்டால் நம் ஊஃபரின் 0.38 கிட்டத்தட்ட 0.41 ஆகிவிடும். பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பியில் சுற்றிய மலிவுக் காயிலில் இந்தத் தடை ஒரு ஓமைத் தாண்டும்.

எந்தப் பெயர்கள்

நார்வேயின் சீஸ், டென்மார்க்கின் ஸ்கான்ஸ்பீக், ஜெர்மனியின் விசாட்டன், இந்தோனேசியாவில் தயாராகும் எஸ்பி அகூஸ்டிக்ஸ், அமெரிக்காவின் டேட்டன் ஆடியோ, தைவானின் டாங் பேண்ட், ஃபுல்ரேஞ்சுக்குப் பேர்போன ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ். இவர்கள் முழுத் தாளும் வளைவும் வெளியிடுபவர்கள், உலகெங்கும் ஆர்வலர்கள் வாங்கி அளந்து பார்த்த டிரைவர்கள். பி.ஏ. பக்கம் இத்தாலியின் பி அண்ட் சி, அமெரிக்காவின் எமினன்ஸ். முதல் ஜோடிக்கு ஸ்கான்ஸ்பீக்கின் மேல்தட்டு வரிசை தேவையில்லை. எஸ்பி அகூஸ்டிக்ஸிலோ டேட்டனிலோ நடுத்தர விலை ஊஃபரும் துணிக் குவிமாட ட்வீட்டரும் எடுத்தால் கற்றுக்கொள்ளவும் போதும், கேட்கவும் போதும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் காந்தத்தின் எடைக்கே தபால் செலவு ஏறும், அதன்மேல் சுங்கவரியும் உண்டு. விலை ஒப்பிடும்போது வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலையை ஒப்பிடுங்கள்.

பிரபல பெயர்களில் போலிகளும் வரும். சந்தேகம் வந்தால் டிரைவரை எடைபோட்டுத் தாளில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள், கால் கிலோ குறைந்தாலே காந்தம் வேறு. ஸ்டிக்கரின் அச்சைவிடத் தராசு நம்பகமானது.

டிரைவர் கைக்கு வந்து, அளந்து முடித்தபின்தான் பலகையை அறுக்க வேண்டும். ஆறரை இன்ச் என்று விற்பவற்றுக்குள்ளேயே வெட்டுத்துளை விட்டம் சில மி.மீ. வேறுபடும், திருகுத் துளைகளின் எண்ணிக்கையும் மாறும். முடிந்தால் அதே தொகுப்பில் மூன்றாவதாக ஒரு ஊஃபரும் வாங்கி வையுங்கள். தயாரிப்பாளர் ஒரு மாடலை நிறுத்திவிட்டால், எரிந்துபோன ஒன்றுக்கு ஜோடி தேடுவது கடினம். மூன்றையும் அளந்து, எண்கள் மிக நெருக்கமாக உள்ள இரண்டைப் பெட்டியில் மாட்டுங்கள்.